நான் தைத்த தலைத்துணி

குடியாத்தத்திலிருந்து பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்குத் தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வந்தவள் நான். அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி தைக்கிற வேலை, ஆறு வருஷம். 2009இல் பாண்டிச்சேரி மாப்பிள்ளை, பிரெஞ்சு நேஷனாலிட்டி என்று கல்யாணம் முடித்து அனுப்பிவிட்டார்கள். பாரிஸுக்கு வடக்கே, ஸ்டாட் து பிரான்ஸ் மைதானத்தின் விளக்குகள் ஜன்னலில் தெரிகிற வீடு. பாஷை தெரியாது. தையல் மட்டும் தெரியும். யாழ்ப்பாணத்து அக்காமாருக்கு பிளவுஸ் தைத்துக் கொடுத்துத்தான் முதல் சில வருஷங்கள் ஓடின.

பிரெஞ்சு எனக்குக் கால்பந்து மைதானத்தில் வந்தது. மகள் பதினோரு வயதில் உள்ளூர் கிளப்பில் சேர்ந்தாள். சனிக்கிழமைக் குளிரில் மற்ற அம்மாக்களோடு நின்று நின்று பேச வந்துவிட்டது.

அவளுடைய முதல் சீசனிலேயே, ஆட்டம் தொடங்குமுன் நடுவர் அவள் மணிக்கட்டைக் காட்டினார். குடியாத்தம் கெங்கையம்மன் கோயிலில் அம்மா மந்திரித்துக் கொடுத்த சிவப்புக் கயிறு. வைகாசி முதல் நாள் சிரசு திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது கட்டியது. கழற்ற வேண்டும் என்றார். மேலே டேப் ஒட்டி மறைத்துவிடலாமா என்று கேட்டேன். அதுவும் கூடாது, மோதிரம், தோடு, சங்கிலி, ரப்பர் வளையம் எதுவும் கூடாது, ஓடும்போது யாருடைய விரலாவது மாட்டிக்கொள்ளும் என்றார். பையிலிருந்த கத்தரியால் நானே வெட்டிவிட்டேன்.

அன்று ராத்திரி போனில் அம்மா, "சாமி கயிறுடி அது, கத்தரியா போட்ட?" என்று அழாத குறை. எனக்கு மனக்குறை இல்லை. ஷூ கம்பெனியில் நாங்களும் வளையல் கழற்றி வைத்துவிட்டுத்தான் மெஷினில் உட்காருவோம். துப்பட்டா முனையை முடிந்து இடுப்பில் செருக வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் இழுத்துவிடும். பக்கத்து மெஷின் பேகம் அக்கா புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சின்னத் துணி ஒன்றைத் தலையோடு இறுக்கிப் பின்னால் முடிந்துகொள்வார். துணி சக்கரத்தில் மாட்டுமா மாட்டாதா என்பதை மட்டும் சூப்பர்வைசர் பார்ப்பார். ஆயுத பூஜைக்கு நான் என் மெஷினுக்குப் பொட்டு வைக்கும்போது, "என்னோடதுக்கும் வச்சுடு" என்பார் அந்த அக்கா. ரம்ஜான் மாதத்தில் நோன்புக் கஞ்சி எனக்கு ஒரு டப்பா வரும்.

மகளுடைய அணியில் மொரோக்கோ குடும்பத்துப் பெண் ஒருத்தி. தடுப்பாட்டத்தில் நிற்பாள், பந்தை யாரிடமும் விடமாட்டாள். போனைத் திறந்தால் நுஹைலா பென்சினா படம். 2023 ஜூலை 30 அன்று, அடிலெய்டில் தென்கொரியாவுக்கு எதிராக, மகளிர் உலகக் கோப்பையில் ஹிஜாபோடு ஆடிய முதல் பெண் அவர். மறு வருஷம் இந்தப் பெண்ணும் தலையை மறைக்க ஆரம்பித்தாள். அவளாக எடுத்த முடிவு என்று அவள் அம்மா சொன்னார். "நீங்கள் தைப்பீர்களே, விளையாடத் தோதாக ஒன்று தைத்துத் தர முடியுமா?" என்று கேட்டார்.

சர்வதேச விதியை மகள் படித்துச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். கறுப்பாகவோ சட்டையின் நிறத்திலோ இருக்க வேண்டும். சட்டையோடு சேர்த்துத் தைக்கக் கூடாது. கழுத்தில் கொக்கி, பொத்தான் மாதிரி ஆபத்தானது எதுவும் கூடாது. தொங்கல் கூடாது. மார்ச்சே சென் பியர் துணிச் சந்தைக்குப் போய், நீச்சலுடைக்குப் போடுகிற இழுவைத் துணி அரை மீட்டர் வாங்கினேன். சாதாரண ஊசிக்கு அந்தத் துணியில் தையல் விட்டுப்போகும். முனை உருண்டையான ஊசி மாற்றி ஜிக்ஜாக் போட்டேன். தாடைக்குக் கீழே வருகிற மடிப்பை மூன்று தடவை பிரித்தேன். வியர்வையில் உராயாதபடி தையலை வெளிப்பக்கம் திருப்பித் தட்டையாக அடித்தேன். கடைசியில் அவள் தலையில் மாட்டி, மகளை விட்டுப் பின்னாலிருந்து வேகமாக இழுக்கச் சொன்னேன். சட்டென்று கையோடு வந்துவிட்டது, கழுத்தை இறுக்கவில்லை.

செப்டம்பரில் முதல் ஆட்டம். நடுவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கழற்றினால் ஆடலாம் என்றார். நான் துணியை இழுத்துக் காட்டினேன், பாதுகாப்பானது என்றேன். "பாதுகாப்பு பற்றிய கேள்வி இல்லை, மேடம்" என்றார், மரியாதையாகத்தான்.

அப்புறம்தான் விஷயத்தைத் தேடிப் படித்தேன். தலைத்துணி கூடாது என்பதற்கு உலக அளவில் முன்பு சொன்ன காரணம் கழுத்துக்கு ஆபத்து என்பது. 2011இல் இரான் பெண்கள் அணி அதனாலேயே ஒலிம்பிக் தகுதி ஆட்டம் ஒன்றை ஆட முடியாமல் திரும்பியது. பாதுகாப்பான வடிவங்கள் வந்தன, 2014இல் ஃபிஃபா அனுமதித்தது. கூடைப்பந்தில் 2014இல் நம் நாட்டுச் சீக்கிய வீரர்களின் டர்பனைக் கழற்றச் சொன்னார்கள். அங்கேயும் 2017இல் விதி மாறியது. பிரான்ஸின் கால்பந்துச் சம்மேளனமோ மத அடையாளத் தடையை விடவில்லை. ஆட்டம் மோதலில்லாமல் நடக்க அது தேவை என்று 2023 ஜூன் 29 அன்று உச்ச நிர்வாக நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

இங்கே லாயிசித்தே என்று ஒரு சொல் உண்டு. 1905 சட்டத்திலிருந்து அரசாங்கம் வேறு, மதம் வேறு. கிளப்பில் பந்து எடுத்துக் கொடுக்கிற பெரியவர் ஒருவர் அதைப் பொறுமையாக விளக்கினார். ஒரு காலத்தில் பள்ளிக்கூடம்வரை பாதிரியார்கள் பிடியில் இருந்ததாம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அரசாங்க அலுவலகத்தில் உட்காருபவர் அடையாளமில்லாமல் இருக்கட்டும், சரி. பன்னிரண்டு வயதுப் பிள்ளை எந்த அரசாங்கத்துக்கு வேலை பார்க்கிறாள்?

என் தம்பி சத்துவாச்சாரியில் வெயிட் தூக்கிப் பழகியவன். 2014, 2018 காமன்வெல்த் இரண்டிலும் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கத்தின் ஊர் அது. அவனிடம் சொன்னேன். "அக்கா, எங்க விளையாட்டுலயும் இந்தப் பிரச்சினை வந்துச்சு. முழங்கை மடங்குச்சா, நீண்டு நின்னுச்சான்னு ஜட்ஜுக்குத் தெரியணும், அதான் மூடக் கூடாதுன்னாங்க. அமெரிக்காவுல குல்சூம் அப்துல்லான்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு. 2011லயே, உடம்போட ஒட்டுன டிரஸ் உள்ள போட்டுக்கலாம்னு விட்டுட்டாங்க" என்றான்.

நான் அந்தத் தலைத்துணியைத் தைத்துக்கொண்டிருந்த 2024 கோடையில்தான் பாரிஸ் ஒலிம்பிக் நடந்தது. பிரான்ஸின் ஓட்டக்காரி சுங்கம்பா சில்லா, தொடக்க விழாவுக்குத் தலைத்துணிக்குப் பதில் தொப்பி போட வேண்டியிருந்தது. நிறைவு நாளில், எங்கள் ஜன்னலில் தெரிகிற அதே ஸ்டாட் து பிரான்ஸில், நெதர்லாந்தின் சிஃபான் ஹசன் ஹிஜாபோடு நின்று மாரத்தான் தங்கத்தை வாங்கினார். பிரான்ஸ் அணியினருக்குத்தான் தடை, வெளிநாட்டு வீராங்கனைக்கு இல்லை. எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து அந்தப் பெண்ணும் பார்த்தாள். அப்போது நான் தைத்தது முடியவில்லை, பாதியில் மெஷினில் கிடந்தது.

இப்போது புதன்கிழமைப் பயிற்சியில் அதைப் போட்டுக்கொண்டு ஆடுகிறாள். சனிக்கிழமை கோட்டுக்கு வெளியே நின்று தண்ணீர் பாட்டில் நிரப்புகிறாள், யார் எங்கே விலகி நிற்கிறார்கள் என்று கத்திச் சொல்கிறாள். போன வாரம் வந்து, தலைத்துணி இறுக்குகிறது, பெரிதாக ஒன்று வேண்டும் என்றாள். அளவு எடுத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் துணி வாங்கப் போக வேண்டும்.