பெட்டி கட்டும் முன்

நவம்பர் பிறந்துவிட்டால் வங்கக் கடல் மீது ஒரு கண் வைத்தே இருக்கிறோம். 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டிய நேரத்தில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறியது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டத் தென்னந்தோப்புகள் விடிவதற்குள் சாய்ந்து கிடந்தன. 2023 டிசம்பர் 18 காலை வரையிலான ஒரே நாளில் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இந்த ஊர்களுக்கெல்லாம் சிங்கப்பூரில் ஆள் இருக்கிறது. செய்தி வந்த மறுநாளே ஏதாவது ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் அட்டைப்பெட்டிகள் சேரும். வாட்ஸ்அப் குழுக்களில் பணம் அனுப்புவதற்கான பேநவ் எண் சுற்றும். கொடுப்பவர்களின் மனத்தில் குறை ஒன்றும் இல்லை. கொடுத்தது எந்த வழியில், எந்த வாரத்தில் போய்ச் சேருகிறது என்பதில்தான் பிசகுகிறது.

முதலில் அந்த அட்டைப்பெட்டிகள். பழைய துணி அனுப்பாதீர்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழைய துணிகள் மலை மலையாகக் கொட்டிக் கிடந்தன. அவற்றைப் பிரிக்கவும் அள்ளவும் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆட்கள் வேறு வேலைக்குத் தேவைப்பட்டவர்கள். உடுத்திய துணியைக் கொடுத்தால் வாங்குபவர் மனம் எப்படி இருக்கும் என்பதையும் கொஞ்சம் யோசிக்கலாம். அரிசி, பருப்பு, பிஸ்கட், பாய், பக்கெட் எல்லாம் திருச்சியிலும் மதுரையிலும் மொத்த விலைக்குக் கிடைக்கின்றன. இங்கிருந்து கப்பல் கார்கோவில் போய், துறைமுகத்தில் சுங்கச் சோதனை முடிந்து, லாரி ஏறி ஊர் சேர்வதற்குள் அந்தத் தேவையே மாறியிருக்கும்.

மருந்து விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். வீட்டில் மீந்த அரை அட்டை மாத்திரைகளைச் சேர்த்து அனுப்புவது உதவி ஆகாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் தெளிவானது: நோயாளிக்குக் கொடுத்துத் திரும்பி வந்த மருந்தைத் தானம் செய்யக்கூடாது, போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு காலாவதிக் கெடு மீதம் இருக்க வேண்டும், அங்குள்ள மருத்துவருக்குப் புரியும் மொழியில் மூலப்பெயர் எழுதியிருக்க வேண்டும். இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. அதே ஆழிப்பேரலையில் நமக்குப் பக்கத்திலிருக்கும் இந்தோனேசியாவின் ஆச்சேவுக்கு ஏறக்குறைய 4,000 டன் மருந்து வந்து குவிந்தது. அதில் பயன்படுத்த முடியாததும் நிறைய இருந்தது. அதை அழிப்பதே தனிச் செலவாகிவிட்டது.

ஆகப் பணம்தான். ஆனால் பணத்துக்கு இரண்டு கரையிலும் சட்டம் இருக்கிறது.

சிங்கப்பூர்ப் பக்கம்: வெளிநாட்டு அறப்பணிக்காக இங்கே பொதுமக்களிடம் நிதி திரட்டுவதற்கு அறநிறுவனங்களின் ஆணையரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். திரட்டிய நிகரத் தொகையில் 80 விழுக்காடு சிங்கப்பூருக்குள்ளேயே செலவாக வேண்டும் என்பது பொது விதி. பேரிடர் நிவாரணத்துக்கு இதிலிருந்து விலக்குக் கேட்கலாம். விலக்கு உண்டு என்று கேள்விப்பட்டு, ‘ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம்’ என்று நிதி திரட்டக் கிளம்புகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். கட்டடம் பேரிடர் கணக்கில் வராது. வெளிநாட்டுப் பணிக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு வருமான வரிக் கழிவும் கிடையாது. 250 விழுக்காட்டுக் கழிவு, ஐபிசி (பொதுநல அமைப்பு) தகுதி பெற்ற அமைப்புகளுக்கு உள்ளூர்ப் பணிக்காகக் கொடுக்கும் தொகைக்கு மட்டும். இரண்டையும் குழப்பி நன்கொடையாளரிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். சிறிய குழு என்றால், அனுமதியோடு பேரிடர் நிதி திரட்டும் சிங்கப்பூர்ச் செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்பிடம் கொடுப்பதே நேர்வழி. தனியாகக் கணக்கு, தணிக்கை என்று அலைய வேண்டியதில்லை.

இந்தியப் பக்கம் இருப்பது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010. பேச்சு வழக்கில் எஃப்சிஆர்ஏ. இதைப் புரிந்துகொள்ளாமல் அனுப்பிய பணம் ஒரு நல்ல அறக்கட்டளையையே முடக்கிவிடக்கூடும். இந்தியக் குடியுரிமையோடு இங்கே வேலை அனுமதியில் இருக்கும் தம்பி, தன் சம்பளச் சேமிப்பை வங்கி வழியாக ஊர் அறக்கட்டளைக்கு அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை இல்லை. அவர் பக்கத்து வீட்டில் இருக்கும் சிங்கப்பூர்க் குடிமகன், பூர்வீகம் அதே மன்னார்குடியாகவே இருந்தாலும், அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. கையில் ஓசிஐ (இந்தியாவின் வெளிநாட்டுக் குடிமகன்) அட்டை இருந்தாலும் இதில் மாற்றம் இல்லை. இந்த வேறுபாடு தெரியாமல், பத்துக் குடிமக்களிடம் வசூலித்து ஓர் ஊழியரின் கணக்கிலிருந்து மொத்தமாக அனுப்புவது நடக்கிறது. அந்தத் தம்பியைச் சிக்கலில் மாட்டிவிடும் வேலை அது. செய்யவே கூடாது. சிங்கப்பூர்க் குடிமகன் இந்தியாவில் உள்ள தன் உறவினருக்கு அனுப்புவதற்கு நிதியாண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை அறிவிப்பு தேவையில்லை. ஆனால் அது குடும்பத்துக்கு அனுப்பும் பணம். ஊர்ப்பொது வசூலுக்கான வழி இல்லை.

பெறுகிற அமைப்பிடம் கேட்க வேண்டியவை நான்கு. எஃப்சிஆர்ஏ பதிவு இன்று உயிரோடு இருக்கிறதா (பதிவு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும், உள்துறை அமைச்சக இணையத்தளத்தில் பார்க்கலாம்). பணம் வாங்கும் கணக்கு புதுடில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் இருக்கிறதா. 2020 திருத்தத்துக்குப் பிறகு வேறு கிளையில் நேரடியாக வாங்க முடியாது. நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டுக்குள் நிற்கிறதா. நாலாவதுதான் பலரும் கேட்காமல் விடுவது: வேலையை அவர்களே செய்கிறார்களா? அதே 2020 திருத்தம், பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதைத் தடை செய்துவிட்டது. ‘சென்னையில் இருக்கும் பெரிய அமைப்புக்கு அனுப்புங்கள், அவர்கள் எங்கள் கிராமத்துச் சிறிய டிரஸ்டுக்குத் தருவார்கள்’ என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

பணம் சரியாகப் போய்ச் சேர்ந்தது என்று வையுங்கள். எதில் செலவழிப்பது? முதல் சில நாள் சோறு அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தே வந்துவிடும். வராதது சுத்தமான தண்ணீர். வெள்ளம் புகுந்த கிணற்றில் சாக்கடையும் சேர்ந்தே புகுந்திருக்கும். பிளீச்சிங் பவுடரைக் கைநிறைய அள்ளிக் கிணற்றில் வீசுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி வீசினால் சுண்ணாம்பு அடியில் போய்ப் படியும், தண்ணீர் கடினமாகும், குளோரின் ஒழுங்காகக் கலக்காது.

முறை இதுதான். கிணற்றின் விட்டத்தையும் தண்ணீரின் ஆழத்தையும் மீட்டரில் அளக்க வேண்டும். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, ஆழத்தால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, நாலால் வகுத்தால் கன மீட்டர் கிடைக்கும். அதை 1,000ஆல் பெருக்கினால் லிட்டர். 2 மீட்டர் விட்டம், 4 மீட்டர் தண்ணீர் என்றால் 12,560 லிட்டர். தெளிந்த தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கணக்கு. இந்தக் கிணற்றுக்குச் சுமார் 31 கிராம். பவுடரை வாளியில் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பிறகு முக்கால் வாளி வரை தண்ணீர் ஊற்றிக் கலக்கி, ஐந்து பத்து நிமிடம் அசையாமல் வைக்க வேண்டும். ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் போடாதீர்கள். சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்த நீரை மட்டும் இன்னொரு வாளியில் இறுத்து, அந்த வாளியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் விட்டு, மேலும் கீழுமாக நன்றாகக் குலுக்கிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக்கூடாது. அதன் பிறகு குளோரின் சோதனைப் பெட்டியில் பார்த்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மீந்திருக்க வேண்டும்.

வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு அந்த 31 கிராம் போதாது. சேறும் அழுகலும் குளோரினை முதலில் தின்றுவிடும். முடிந்தவரை இறைத்துச் சேறெடுத்துவிட்டு, ஊறிய தண்ணீரில் கூடுதலாகப் போட்டு, சோதனைப் பெட்டி காட்டும் வரை ஏற்ற வேண்டும். போட்டும் போட்டும் காட்டவில்லை என்றால் பவுடரைச் சந்தேகப்படுங்கள். வாய் திறந்து கிடந்த மூட்டை ஈரம் குடித்து வீரியம் இழந்திருக்கும். மூக்கில் ஏறும் நெடி இல்லாத பவுடர் வெறும் சுண்ணாம்பு. அதனால் பெரிய மூட்டை வாங்கிப் பல நாள் பிரித்துக் கொடுப்பதைவிட, மூடி இறுக்கமான சிறிய டப்பாக்களாக வாங்குவது நல்லது. சோதனைப் பெட்டிக்குப் பணம் ஒதுக்காமல் பவுடருக்கு மட்டும் ஒதுக்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து கொடுப்பது போல. வீட்டளவில் 67 மில்லிகிராம் குளோரின் மாத்திரை ஒன்று 20 லிட்டர் தெளிந்த நீருக்கு. அரை மணி காத்திருக்க வேண்டும். 20 லிட்டர் பிடிக்காத குடத்துக்கும் ஒன்று என்று சொல்லிக் கொடுத்துவிட்டால், குமட்டும் வாடைக்குப் பயந்து மறுநாள் யாரும் போட மாட்டார்கள்.

வயிற்றுப்போக்கு தொடங்கியிருந்தால் ஓஆர்எஸ் எனும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம். இந்தியக் கடைகளில் இரண்டு அளவு உண்டு: 1 லிட்டருக்கான சுமார் 21 கிராம் பொட்டலம், 200 மில்லிக்கான சிறிய பொட்டலம். இரண்டையும் கலந்து வாங்காதீர்கள். பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் குழந்தைக்குப் புகட்டினால் உப்பு மிகுந்து ஆபத்தாகும். ஒரே அளவு வாங்கி, அதற்கேற்ற 1 லிட்டர் பாட்டிலையும் சேர்த்தே கொடுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. பொட்டலம் இல்லாத இடத்தில் 1 லிட்டர் சுத்த நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் துத்தநாக மாத்திரை, 10 முதல் 14 நாள். பாக்கெட்டில் வரும் இனிப்புப் பழபானம் ஓஆர்எஸ் ஆகாது.

மருத்துவ முகாம்களில் எல்லாரும் காய்ச்சலையே பார்ப்பார்கள். ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வெள்ளத்தோடு போன பெரியவர்கள் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். வரிசையில் நிற்கும்போதே ‘ஐயா, தினமும் மாத்திரை சாப்பிடுவீங்களா, கடைசியா எப்போ சாப்பிட்டீங்க?’ என்று கேட்க ஒரு தொண்டூழியரை நிறுத்துங்கள். இன்சுலின் வைத்திருப்பவர்களுக்கு மின்சாரம் வரும்வரை ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் சின்னப் பானை வைத்துக் கொடுக்கலாம்.

கூரைக்குத் தார்ப்பாய் வாங்கினால் 4 மீட்டருக்கு 6 மீட்டர், சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை. மெல்லியது அடுத்த காற்றில் கிழியும்.

தென்னைக்காரர்களுக்கு வேறு கணக்கு. விழுந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்த மெஷின் வாடகையும் கூலியும்தான் அவர்கள் முதலில் கேட்பது. நெட்டை ரகக் கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுக்கு மேல் ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். அழுகும் தண்டில் காண்டாமிருக வண்டு பெருகி, தப்பி நின்ற மரங்களின் குருத்தைக் குடையும் என்பதைத்தான் நன்கொடையாளர்கள் யோசிப்பதில்லை. தண்டை அகற்றாமல் கன்று மட்டும் வழங்கினால் வண்டுக்குத் தீனி வழங்கியதாகும்.

படிப்புக்கு வருவோம். புத்தகப்பை, நோட்டு, சீருடை, காலணி ஆகியவற்றைத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளே இலவசமாகத் தருகின்றன. வெள்ளத்தில் போனவற்றைக்கூடத் தலைமையாசிரியர் மூலம் மறுபடி வாங்க வழி உண்டா என்று முதலில் விசாரியுங்கள். தொலைந்த சான்றிதழ்தான் பெரிய துயரம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை இந்திய அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் எடுக்க முடியும் என்பது தெரியாமல் தவிக்கும் வீடுகள் உண்டு. இங்கிருந்தே வீடியோ அழைப்பில் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம். இதற்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை.

கல்லூரியில் சேரும் பிள்ளைக்குப் பணம் வேண்டிய காலம் டிசம்பர் அல்ல. மே மாதம் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வரும். பொறியியல் கலந்தாய்வுக்கான பதிவும் அதையொட்டியே. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று (குடும்பத்திலேயே முதலில் பட்டம் படிக்கப் போகிறவர் என்பதற்கு) ஆகியவற்றை இ-சேவை மையத்தில் ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும். முதல் பட்டதாரிச் சான்று இருந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. இடம் ஒதுக்கியதும் சில நாள் கெடுவுக்குள் கல்லூரியில் சேர்ந்து கட்டணம் கட்டியாக வேண்டும். விடுதி முன்பணம், பேருந்து, மெஸ் கட்டணம் எல்லாம் அதே வாரத்தில் வந்து நிற்கும். நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளை பக்கத்து ஊர்க் கல்லூரியிலேயே ஒதுங்கிவிடுவது இந்த வாரத்தில்தான். உறவுக்காரப் பிள்ளைக்கு உதவுவதாக இருந்தால் பணத்தை ஜூன் கடைசியிலேயே தயாராக வைத்திருங்கள்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அந்தத் தொகை வராமல் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது வங்கிக் கணக்கு: பள்ளியில் படித்தபோது தொடங்கிய கணக்கு பயன்பாடின்றி முடங்கியிருக்கும், அல்லது ஆதாரோடு இணைந்திருக்காது. பாஸ்புக்கும் ஆதார் அட்டையும் எடுத்துக்கொண்டு கிளைக்கு ஒருமுறை நேரில் போனால் சரியாகும். ஓடிபி வரும் கைப்பேசி எண் வெள்ளத்தில் போன போனுடையது என்றால், முதலில் அந்த எண்ணுக்கு மாற்று சிம் வாங்கச் சொல்லுங்கள்.