நோய் வராதவர்களைத் தேடும் வகுப்பு

நோய்க்கிருமிகள் பாடம் வந்தாலே மாணவர்கள் பெயர்களை மனப்பாடம் செய்ய ஆரம்பித்துவிடுகிறார்கள். பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, ஒட்டுண்ணி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு உதாரணம், பரவும் வழி, தடுக்கும் முறை. எஸ்.பி.எம். பொதுத்தேர்வுத் தாளுக்கு அது போதும்தான். ஆனால் ஒரு நோய் எங்கிருந்து கிளம்பியது என்று துப்புத் துலக்கும் வேலை அந்தப் பட்டியலில் இல்லை. கோலாலம்பூரில் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கும் நான், அவர்கள் மனத்தில் பதிய வைக்கப் பார்ப்பது ஒரே ஒரு கேள்வியை: நோய் யாருக்கு வரவில்லை?

முதலில் அதைச் சோதனைக்கூடத்தில் செய்து பார்ப்போம். ஆளுக்கொரு குவளையில் தண்ணீர். ஒன்றில் மட்டும் தண்ணீருக்குப் பதிலாக மிகவும் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரக் கரைசல். அதுதான் எங்கள் "நோய்". பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்ட பிறகுதான் தொடக்கம். இரண்டு பேர் தங்கள் குவளைகளை ஒன்றாகக் கலந்து, சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். மூன்று சுற்று, சுற்றுக்கு ஒரு புது ஆள். யாரோடு மாற்றிக்கொண்டோம் என்று வரிசைப்படி எழுதியும் வைக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு குவளையிலும், காரம் இருந்தால் நிறம் மாறும் பினோப்தலீன் சொட்டு விடுவேன். சில குவளைகள் சட்டென்று ரோஜா நிறமாகிவிடும். ஒரே ஒரு குவளையில் இருந்தது, மூன்றே சுற்றில் எட்டு குவளைகள் வரை போயிருக்கும்.

உடனே வகுப்பில் சத்தம் கிளம்பும். நிறம் மாறியவர்கள் ஒருவரையொருவர் கை காட்டுவார்கள். "நீதான்டா எனக்குக் கொடுத்த!" கொஞ்ச நேரம் விட்டுவிடுவேன். ஒருமுறை, குவளை தெளிவாகவே இருந்த ஒரு மாணவி தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "டீச்சர், ரெண்டாவது சுற்றுல நான் இவனோடதான் மாத்துனேன். எனக்கு ஒன்னும் ஆகல. அப்படின்னா அதுவரைக்கும் இவன்கிட்ட அது இல்ல." நான் காத்திருந்தது அந்த வாக்கியத்துக்குத்தான். தெளிவான குவளைகளை வைத்தே ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டு வந்தால், முதல் சுற்றில் தங்களுக்குள் மாற்றிக்கொண்ட இரண்டு பேர் மிஞ்சுவார்கள். அந்த இருவரில் யார் என்பதைத் தாளை வைத்துச் சொல்லவே முடியாது. மாணவர்களுக்கு இது பிடிப்பதில்லை. அந்த இடத்தில் நின்றுவிடத் தெரிவதும் அறிவியல்தான் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்து, கிருமியே இல்லாத ஒரு நோய்க்கு வேண்டுமென்றே அதிக நேரம் கொடுக்கிறேன். நூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். தொற்றுநோய் என்றே பல மருத்துவர்கள் நம்பினார்கள். அதே நாட்டில் தோட்டங்களில் உழைத்த தமிழர்களுக்கு அது பெரும்பாலும் வரவில்லை. லெனர்ட் பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்தார். சீனர்கள் சாப்பிட்டது தீட்டிய சயாம் பச்சரிசி. நம்மவர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி.

1905இல் வில்லியம் ஃபிளெட்சர் இதே கோலாலம்பூரில், மனநோய் விடுதியில் அதைச் சோதித்தார். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி, ஒன்றுவிட்டு ஒருவராகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். கட்டடத்தில்தான் கிருமி இருக்கிறதோ என்ற சந்தேகத்துக்காக இடையில் இரு பிரிவினரின் இடத்தையும் மாற்றிப் பார்த்தார். நோய் கட்டடத்தில் தங்கவில்லை, அரிசியோடு போனது. பச்சரிசி சாப்பிட்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். மற்ற பிரிவில் அந்த நோயால் ஒருவரும் இறக்கவில்லை. பெரிபெரி வருவது தயமின் என்ற வைட்டமின் குறைவதால்; நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் அந்தத் தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்ற விளக்கம் பிறகு வந்தது.

"அவங்கள கேட்டுட்டா செஞ்சாங்க, டீச்சர்?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்தால் அன்றைய மீதிப் பாடத்தை நான் தள்ளிவைத்துவிடுவேன். தங்களுக்காகப் பேச முடியாத மனிதர்கள் மேல் நடந்த சோதனை அது. இறந்த பதினெட்டு பேரை வெறும் எண்ணாகச் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வராது.

அப்புறம் நிப்பா. 1998இன் பிற்பகுதியில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணையாளர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அந்தச் சந்தேகத்திலும் நியாயம் உண்டு, ஏனென்றால் அந்த வைரஸும் பன்றியில்தான் பெருகும். ஆனால் அது பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும் நோய். இங்கே விழுந்தவர்களோ பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள், நம்மவர்களும் அதில் உண்டு. கொசு ஆள் பார்த்துக் கடிக்குமா? தடுப்பூசி போட்டவர்களுக்கும் நோய் வந்தது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர் அதற்கு வந்தது. மலேசியாவில் 265 பேருக்கு நோய், அவர்களில் 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள். பழந்தின்னி வௌவால்கள்தான் மூலம் என்று பின்னர் தெரிந்தது. நம் நாட்டிலேயே நடந்த இதை எங்கள் மாணவர்கள் பலர் என் வகுப்பில்தான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறார்கள் என்பது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

கடைசியாக டிங்கி, அதாவது டெங்குக் காய்ச்சல். தங்கள் அடுக்குமாடியில் யார் வீட்டில் வந்தது, யார் வீட்டில் வரவில்லை, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று வரைந்துகொண்டு வரச் சொல்வேன். போன தடவை ஒரு மாணவன் வரைபடத்தோடு ஒரு மறுப்பையும் கொண்டுவந்தான். டிங்கிக் கிருமி உடம்பில் புகுந்தாலும் பலருக்கு அறிகுறியே தெரியாதாமே, அப்படியானால் "வரவில்லை" என்று நான் குறித்த வீடுகளை எப்படி நம்புவது? ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று சோதிக்காமல் நம்ப முடியாது என்றேன். சரி, அப்போது அந்தக் கட்டங்களை அழித்துவிடவா என்று கேட்டான். அழிக்க வேண்டாம், "தெரியாது" என்று மூன்றாவதாக ஒரு நிறம் கொடு என்றேன்.