கடன் கோப்பிலிருந்து தொடங்குங்கள்: வங்கிகளின் நிலைத்தன்மை அறிக்கைப் பாடத்தை நான் படித்த விதம்

கோத்தகிரியில் ஒரு வங்கிக் கிளையின் கடன் பிரிவில் வேலை பார்க்கிறேன். வங்கிகள் தங்கள் நிலைத்தன்மை அறிக்கையை, அதாவது காலநிலை, சுற்றுச்சூழல் போன்றவை சார்ந்த இடர்களையும் பாதிப்புகளையும் சொல்லும் அறிக்கையை, சர்வதேச வெளிப்படுத்தல் தரநிலைகளின்படி எப்படித் தயாரிக்கின்றன என்ற பாடத்தைக் கொண்ட சான்றிதழ்த் தேர்வை வேலைக்கு நடுவில் படித்து எழுதித் தேறினேன். இந்தப் பக்கம் வர நினைக்கும் வங்கி ஊழியர்களும் வணிகவியல் மாணவர்களும் என்னிடம் முதலில் கேட்பது, எந்தப் புத்தகம் படித்தீர்கள் என்பதுதான். புத்தகத்துக்கு முன்னால் ஒரு கடன் கோப்பைக் கையில் எடுங்கள் என்று சொல்லுவேன். ஒரு வங்கியால் காலநிலைக்கு நேரும் பாதிப்பு அதன் மின்கட்டண ரசீதில் இல்லை, அது கொடுத்திருக்கும் கடன்களில் இருக்கிறது. இது மனத்தில் பதிந்துவிட்டால் பாடத்தில் பாதி விளங்கிவிடும்.

எங்கள் கிளையையே பாருங்கள். இந்தக் குளிரில் குளிர்சாதனத்துக்கு அவ்வளவாக வேலை இல்லை. மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஓடும். அதில் எரியும் டீசலின் நேரடி உமிழ்வு 'ஸ்கோப் 1', நாங்கள் வாங்கும் மின்சாரத்துக்கான உமிழ்வு 'ஸ்கோப் 2'. இரண்டும் சொற்பம். அதே கிளை தேயிலைத் தொழிற்சாலைக்கும் லாரி வாங்கியவருக்கும் விடுதி கட்டியவருக்கும் கடன் கொடுத்திருக்கிறது. அவர்களிடமிருந்து வெளியேறும் கார்பனில் எங்கள் பணத்துக்கும் பங்கு உண்டு. அதுதான் மற்றவர்கள் வழியாக நேரும் மறைமுக உமிழ்வான 'ஸ்கோப் 3'-இன் 15ஆவது வகை, அதாவது கடன்வழி உமிழ்வு. வங்கித் துறைக்கான பாடத்தின் இதயம் இதுவே.

இந்தத் துறையில் தேர்வுகள் பல. சர்வதேசக் கணக்கியல் தரநிலைகளுக்குப் பெயர் பெற்ற ஐஎஃப்ஆர்எஸ் அறக்கட்டளை நடத்தும் எஃப்எஸ்ஏ சான்றிதழுக்கு இரண்டு நிலைகள் உண்டு. இடர் மேலாண்மைத் துறையில் பெயர் பெற்ற கார்ப் அமைப்பு, நிலைத்தன்மை, காலநிலை இடர் பற்றிய எஸ்சிஆர் என்ற தேர்வை நடத்துகிறது. கட்டணமும் பாடத்திட்டமும் அவ்வப்போது மாறுவதால் அந்தந்த அமைப்பின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும் கீழே சொல்லும் அடிப்படை இல்லாமல் தேற முடியாது.

வரலாற்றைச் சுருக்கமாகப் படித்தால் போதும், ஆனால் வரிசை தப்பாமல் படியுங்கள். உலக நிதி அமைப்பைக் கண்காணிக்கும் நிதி நிலைத்தன்மை வாரியம் 2015 டிசம்பரில், காலநிலை சார்ந்த நிதி வெளிப்படுத்தலுக்காக டிசிஎஃப்டி என்ற பணிக்குழுவை அமைத்தது. 2017 ஜூனில் அதன் பரிந்துரைகள் வந்தன. நிர்வாகம், உத்தி, இடர் மேலாண்மை, அளவீடுகளும் இலக்குகளும் என நான்கு தூண்கள், அவற்றுக்குள் 11 வெளிப்படுத்தல்கள். 2021 நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் ஐஎஃப்ஆர்எஸ் அறக்கட்டளையின் கீழ் ஐஎஸ்எஸ்பி என்ற சர்வதேச நிலைத்தன்மைத் தரநிலை வாரியம் அறிவிக்கப்பட்டது. துறைவாரித் தரநிலைகளை உருவாக்கிய எஸ்ஏஎஸ்பியின் பணி 2022இல் ஐஎஃப்ஆர்எஸ் அறக்கட்டளைக்குள் வந்து சேர்ந்தது. 2023 ஜூன் 26 அன்று ஐஎஸ்எஸ்பியின் எஸ்1, எஸ்2 என்ற இரு தரநிலைகளும் வெளியாயின. எஸ்1 பொதுவானது, எஸ்2 காலநிலைக்கு உரியது. டிசிஎஃப்டி அதே ஆண்டு அக்டோபரில் கலைக்கப்பட்டாலும் அதன் நான்கு தூண்கள்தான் இரண்டிலும் எலும்புக்கூடாக நிற்கின்றன. ஆகவே டிசிஎஃப்டியைப் பழைய பாடம் என்று ஒதுக்காதீர்கள்.

இனி கடன் கோப்புக்கு வருவோம். சொந்தத் தோட்டம் இல்லாமல், சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலைகள் நீலகிரி முழுவதும் உள்ளன. அப்படி ஒன்றை வைத்துத்தான் கணக்கைப் பயின்றேன். தொகைகள் கற்பனையே. வாடிக்கையாளரின் உண்மைக் கணக்கைப் பயிற்சிக்காக வெளியே எடுத்துச் செல்வது வங்கியில் இருப்பவர் செய்யக் கூடாத காரியம்.

தொழிற்சாலையின் சொந்த முதல் 3 கோடி ரூபாய், மொத்தக் கடன் 5 கோடி. அந்தக் கடனில் நம் வங்கிக்கு நிலுவை 2 கோடி. பிகாஃப் எனப்படும் நிதித்துறைக் கார்பன் கணக்கீட்டுக் கூட்டமைப்பின் முறைப்படி, பட்டியலிடப்படாத நிறுவனத்தில் நம் பங்கு என்பது, நம் நிலுவையை அதன் முதலும் கடனும் சேர்ந்த தொகையால் வகுத்து வருவது. இங்கே 8 கோடியில் 2 கோடி, அதாவது 25 விழுக்காடு. தொழிற்சாலை ஆண்டுக்கு 7 லட்சம் யூனிட் மின்சாரம் எடுக்கிறது என்று வையுங்கள். 1,000 யூனிட்டுக்குச் சுமார் 0.7 டன் என்ற இந்திய மின்தொகுப்பின் அளவில் பெருக்கினால் 490 டன். ஜெனரேட்டர் டீசலுக்கும், விறகு எரியும்போது வரும் மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடுக்கும் சேர்த்து 30 டன் என்று கொள்வோம். மொத்தம் 520, நம் வங்கியின் பங்கு 130 டன்.

கணக்கு இவ்வளவுதான். கேள்விகள் இதற்கு மேல்தான் தொடங்குகின்றன. விறகிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு எங்கே போயிற்று? உயிர்ம எரிபொருளின் கார்பன் டை ஆக்சைடை, உமிழ்வுக் கணக்குக்கான உலகளாவிய வழிகாட்டியான பசுங்குடில் வாயு நெறிமுறை ஸ்கோப் 1-இல் சேர்க்கச் சொல்லவில்லை, தனியாக அறிவிக்கச் சொல்கிறது. மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டும் உள்ளே வரும். இலை உலர்த்த விறகு எரிக்கும் தொழிற்சாலைகள் உள்ள மாவட்டத்தில் இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்துப் படிக்கலாம்.

ஒரு முறை ஆய்வுக்குப் போன தொழிற்சாலையில் விறகுப் பதிவேட்டைக் கேட்டேன். மேலாளர் என்னைவிட மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். "மேடம், தவணை ஒழுங்காகக் கட்டிக்கொண்டுதானே இருக்கிறோம், விறகுக் கணக்கு வங்கிக்கு எதற்கு?" என்று கேட்டபடியே எடுத்துக் கொடுத்தார். நீளமான பழைய நோட்டு. லாரி எண், தேதி, கற்பூர மரம் என்ற குறிப்பு, எடை. சில பக்கங்களில் எடை போட வேண்டிய இடத்தில் 'ஒரு லோடு' என்று மட்டும் இருந்தது. பிகாஃப் முறையின் தரவுத் தர மதிப்பெண்கள் எனக்கு அந்தப் பக்கங்களில்தான் விளங்கின. சரிபார்க்கப்பட்ட உமிழ்வு எண் நிறுவனமே கொடுத்தால் மதிப்பெண் 1. சரிபார்க்கப்படாத எண்ணோ, எரிபொருள், மின்சாரப் பயன்பாட்டு அளவிலிருந்து நாம் கணக்கிட்டதோ என்றால் 2. உற்பத்தி அளவிலிருந்து மதிப்பிட்டால் 3. விற்றுவரவை மட்டும் வைத்துத் துறைச் சராசரியால் பெருக்கினால் 4. அதுவும் இல்லாமல் கடன் தொகையை மட்டும் வைத்து ஊகித்தால் 5. எண் குறையக் குறையத் தரம் கூடும், தேர்வில் இதைத் தலைகீழாக வைத்துக் கேட்பார்கள். எடை எழுதிய பக்கங்கள் 2-க்குத் தகுதி பெறும், 'லோடு' பக்கங்கள் பெறாது. 'அண்ணா, எடைச் சீட்டை ஒட்டி வையுங்கள்' என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன். அறிக்கையின் நம்பகத்தன்மை மும்பைத் தலைமையகத்தில் உருவாவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது இந்த நோட்டில் உருவாகிறது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு நுட்பம். தொழிற்சாலை வாங்கும் பசுந்தேயிலைக்குப் பின்னால் யூரியா இருக்கிறது. யூரியா போட்ட மண்ணிலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்சைடு, ஐநாவின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாவது மதிப்பீட்டின்படி, நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 273 மடங்கு வெப்பமூட்டும் வலிமை கொண்டது. தொழிற்சாலைக்கு இது ஸ்கோப் 3. அதே விவசாயிக்கும் நம் வங்கி பயிர்க்கடன் கொடுத்திருந்தால், ஒரே உமிழ்வு இரு இடங்களில் எண்ணப்படும். இப்படி இரட்டை எண்ணிக்கை நேரும் என்பதை பிகாஃப் ஒப்புக்கொள்கிறது, அதனால்தான் கடன்தாரரின் ஸ்கோப் 3-ஐத் தனியே காட்டச் சொல்கிறது. ஒரு தேயிலைத் தொழிற்சாலையையும் அதற்கு இலை போடும் பத்து விவசாயிகளையும் தாளில் வரைந்து அம்புக்குறி போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு இது மறக்காது.

வணிக வங்கி என்னென்ன சொல்ல வேண்டும் என்பது எஸ்2-இன் பின்னிணைப்பு பி-யில், பி62 பத்தியில் இருக்கிறது. மொத்தக் கடன்வழி உமிழ்வை ஸ்கோப் 1, 2, 3 என்று பிரித்து, தொழில்துறை வாரியாகவும் சொத்து வகை வாரியாகவும் காட்ட வேண்டும். அந்தக் கடன்களின் மொத்தத் தொகை, இன்னும் எடுக்கப்படாத கடன் ஒப்புதல், கணக்கிட்ட முறை ஆகியவற்றையும் சொல்ல வேண்டும். பி61 சொத்து மேலாண்மைக்கு, பி63 காப்பீட்டுக்கு. மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள், வினாக்கள் இவற்றை ஒன்றோடொன்று கலந்தே வரும்.

மழை, வெப்பம் போன்றவற்றால் நேரும் சேத அபாயத்தைப் பேசும் பௌதிக இடர்ப் பகுதிக்கு நீலகிரிக்காரர்களுக்குப் பாடநூலே தேவையில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியதும், மாவட்டமெங்கும் மண்சரிந்து உயிர்கள் போனதும் இங்கு யாருக்கும் மறக்கவில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. பெய்தது. இவை எஸ்2 மொழியில் திடீர் இடர்கள். பருவமழையின் போக்கு ஆண்டுக்கணக்கில் மாறுவதும் சராசரி வெப்பம் ஏறுவதும் நீடித்த இடர்கள். வங்கி மேற்பார்வைக்கான சர்வதேச அமைப்பான பேசல் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வறிக்கைகளின் மையக் கருத்தை இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும்: காலநிலை என்பது வங்கிக்குப் புதிதாக வந்த தனியொரு இடர் வகை அல்ல, பழைய இடர்களைத் தூண்டிவிடும் காரணி. மண்சரிவில் ஈடாக வைத்த வீடு போனால் அது கடன் இடர். கிளைக்கே வழி அடைபட்டால் அது செயல்பாட்டு இடர். பேரிடருக்குப் பின் எல்லோரும் ஒரே நேரத்தில் வைப்புத்தொகையை எடுத்தால் பணப்புழக்க இடர்.

பௌதிக இடருக்கு உள்ளாகக் கூடிய சொத்துகள் அல்லது வணிகத்தின் தொகையையும் விழுக்காட்டையும் எஸ்2 கேட்கிறது. அஞ்சல் குறியீட்டு எண்ணை வைத்து இதைக் கணக்கிட்டால் சமவெளியில் ஓரளவு பொருந்தலாம். மலையில் பொருந்தாது. ஒரே குறியீட்டுக்குள் ஓடையோரம் ஒரு வீடும், மேட்டில் பாறைமேல் ஒரு வீடும் இருக்கின்றன. சர்வே எண் அளவுக்கு இறங்கினால்தான் மலை மாவட்டக் கடன்களைப் பற்றி உண்மை சொல்ல முடியும். தேர்வில் இதைக் கேட்க மாட்டார்கள், ஆனால் வங்கி வேலையில் இருப்பவர்கள் இதற்காகக் குரல் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நிலைத்தன்மை அறிக்கைக்கான மற்றொரு சர்வதேசத் தொகுப்பான ஜிஆர்ஐ தரநிலைகளுக்கும் ஐஎஸ்எஸ்பி தரநிலைகளுக்கும் உள்ள வேறுபாட்டை அதே தொழிற்சாலையை வைத்தே பிடித்துக்கொள்ளலாம். அந்த விறகுக்காக மரம் வெட்டப்படுவதால் நிலத்துக்கும் மக்களுக்கும் என்ன ஆகிறது என்பது ஜிஆர்ஐயின் கேள்வி. விறகு கிடைக்காமலோ விலை ஏறியோ தொழிற்சாலை தள்ளாடினால் வங்கியின் எதிர்கால வருவாய்க்கு என்ன ஆகும், முதலீட்டாளர் அதை அறிய வேண்டாமா என்பது ஐஎஸ்எஸ்பியின் கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரநிலைகள் இரண்டையும் கேட்கின்றன. வினாவில் யாருக்காக அறிக்கை என்பதைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும்.

இந்திய நிலவரத்தையும் விடாதீர்கள். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு பிஆர்எஸ்ஆர் என்ற வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையை, பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி 2022-23 நிதியாண்டு முதல் கட்டாயமாக்கியது. இந்தியன் வங்கி, கரூர் வைஸ்யா வங்கி, சிட்டி யூனியன் வங்கி போன்றவற்றின் அறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஏதேனும் ஒன்றைத் திறந்து சுற்றுச்சூழல் பற்றிய ஆறாவது கோட்பாட்டுக்குப் போங்கள். ஸ்கோப் 1, 2 அத்தியாவசியக் குறியீடுகளில் இருக்கும். ஸ்கோப் 3 விருப்பத்தின்பேரில் நிரப்பும் பகுதியில் இருக்கும். வங்கிகளைப் பொறுத்தவரை ஆகப்பெரிய எண் விருப்பப் பகுதியில் தள்ளப்பட்டிருப்பது எனக்கு ஏற்புடையதல்ல. ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரி 28 அன்று வெளியிட்ட வரைவு, காலநிலை சார்ந்த நிதி இடர்களை அதே நான்கு தூண்களின் கீழ் வெளிப்படுத்தச் சொன்னது. முதல் மூன்று தூண்களுக்கு முன்னதாகவும், அளவீடுகளுக்கும் இலக்குகளுக்கும் இரண்டு ஆண்டுகள் கழித்தும் காலம் குறித்தது. அதை வரைவு என்றே நினைவில் வைத்து, தேர்வுக்கு முன் ரிசர்வ் வங்கித் தளத்தில் அடுத்த நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படிப்பு முறை பற்றிச் சில சொற்கள். எஸ்1, எஸ்2 இரண்டின் மூலப் பிரதியையும் நேரடியாகப் படியுங்கள், பயிற்சி மையங்களின் சுருக்கக் குறிப்புகளை நம்பி இருக்காதீர்கள். 'வேண்டும்' என்று எங்கே சொல்கிறது, 'செய்யலாம்' என்று எங்கே விடுகிறது என்பதை இரு நிறங்களில் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொரு பத்தியையும் தமிழில் ஒரு வாக்கியமாக எழுதிப் பார்த்தேன். சக ஊழியருக்குத் தேநீர் இடைவேளையில் சொல்ல வராத பத்தி எனக்குப் புரியாத பத்தி என்று வைத்துக்கொண்டேன். கணக்குகளை அதிகாலையிலும் வாசிப்பை இரவிலும் வைத்தது வேலைக்குப் போகிறவளுக்கு ஒத்துவந்தது.

கடைசி வாரத்தில் புதிதாக எதையும் தொடாமல் மூன்று இடங்களுக்குத் திரும்புங்கள். எஸ்2-இன் 29ஆவது பத்தியில் உள்ள ஏழு பொது அளவீட்டு வகைகள், பி62, தரநிலையை முதன்முதலாகப் பின்பற்றும் ஆண்டுக்கான சலுகைகள். அந்தச் சலுகைகளில் குறிப்பாக, முதல் ஆண்டில் முந்தைய ஆண்டு ஒப்பீட்டுத் தகவல் தர வேண்டியதில்லை என்பதையும், ஸ்கோப் 3-ஐ அந்த ஓர் ஆண்டு மட்டும் விடலாம் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடன்வழி உமிழ்வு ஸ்கோப் 3-க்குள் வருவதால் இரண்டாவது சலுகை அதற்கும் பொருந்தும்.