ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நம்பியிருந்த காலம்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியபோது, நாகர்கோவிலில் நான் கணினிப் பிரிவைக் கவனித்துவந்த மருத்துவமனையில் ஒரே சர்வரில் நான்கு விர்ச்சுவல் மெஷின்கள், அதாவது மென்பொருளால் உருவான தனித்தனிக் கணினிகள், ஓடிக்கொண்டிருந்தன. மின்கம்பங்கள் சாய்ந்து ஊரே இருண்டுவிட்டது. ஜெனரேட்டர் மின்சாரம் அறுவை அரங்குக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் மட்டும் ஒதுக்கப்பட்டது. யூபிஎஸ் தீர்ந்ததும் சர்வர் முறையாக நிறுத்தப்படாமலே அணைந்தது. மின்சாரம் திரும்பிய பிறகு பில்லிங் டேட்டாபேஸ் இருந்த மெஷின் எழவில்லை.

பேக்கப் இருக்கிறதென்றே நாங்கள் நம்பியிருந்தோம். உண்மையில் இருந்தது பல மாதங்களாக நீக்கப்படாத ஒரு ஸ்னாப்ஷாட். அது தனிப் பிரதி அன்று. மூல டிஸ்க் கோப்பை அப்படியே நிறுத்திவைத்து, அதன்பின் நிகழும் மாற்றங்களை மட்டும் இன்னொரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும் ஏற்பாடு அது. இரண்டும் ஒரே டிஸ்கில் இருப்பதால், ஒன்று சிதைந்தால் மற்றதை வைத்து முழுமையாக மீள முடியாது. யூஎஸ்பி டிஸ்கில் இரவுதோறும் பிரதியெடுத்திருந்த கோப்பும் உதவவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நகலெடுத்ததால், கோப்பின் தொடக்கம் இரவு ஒரு மணி நிலையிலும் இறுதி மூன்று மணி நிலையிலும் இருந்தது. காகிதப் பதிவேடுகளைப் பார்த்துப் பார்த்துப் பல வாரக் கணக்குகளை மீண்டும் உள்ளிட்டோம்.

பின்னர் விர்ச்சுவல் மெஷின்களை இயக்கும் மென்பொருளான ப்ராக்ஸ்மாக்ஸுக்கு மாறி, 2020-இல் வெளிவந்த அதன் பேக்கப் சர்வரைத் தனி இயந்திரத்தில் நிறுவினேன். ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் கெஸ்ட் ஏஜென்ட் என்ற சிறு உதவி நிரலைப் போட்டேன். பேக்கப் தொடங்கும் கணத்தில் கோப்புகள் பாதி எழுதிய நிலையில் பிரதியாகாதபடி அது கோப்பு முறைமையைச் சற்று உறையவைக்கும். டேட்டாபேஸுக்கு அதை மட்டும் நம்பாமல், சற்று முன்பாகவே அதன் தரவு முழுவதையும் தனிக் கோப்பாக, அதாவது ஒரு டம்ப்பாக, எடுத்து வைக்கும்படியும் செய்தேன். நம் ஊர் மின்வெட்டில் ஒன்றைக் கவனித்தேன். முந்தைய பேக்கப்புக்குப் பின் டிஸ்கில் மாறிய பகுதிகளைக் குறித்துவைக்கும் பட்டியல் ஓடும் மெஷினின் நினைவகத்தில்தான் இருக்கிறது. மெஷின் அணைந்தால் அது அழிந்து, அடுத்த பேக்கப்பில் முழு டிஸ்கும் படிக்கப்படும். அன்று நேரம் நீள்வது பழுதல்ல.

வெளியூர்ப் பிரதியை முதலில் தக்கலையில் வைத்தேன். ஆனால் ஒக்கி நாகர்கோவிலையும் தக்கலையையும் பிரித்துப் பார்க்கவில்லை. மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் பிரதியை வெளியூர்ப் பிரதியாக எண்ணுவது தவறென்பது என் உறுதியான கருத்து. இப்போது மதுரையிலுள்ள சர்வர் இரவில் புதிய துண்டுகளை மட்டும் தானே இழுத்துக்கொள்கிறது. நாங்கள் அங்கே அனுப்புவதில்லை. அங்குள்ளதை அழிக்கும் அனுமதியும் எங்கள் பக்கம் இல்லை. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் இங்கே நுழைந்தாலும் அங்கே கை வைக்க வழியில்லாமலிருக்கவே இந்த ஏற்பாடு. பேக்கப்பைப் பூட்டித் திறக்கும் மறையாக்கச் சாவியைத் தாளில் அச்சிட்டுப் பெட்டகத்தில் வைத்திருக்கிறோம். சாவி மருத்துவமனைச் சர்வரில் மட்டுமே இருந்து அதனுடன் போய்விட்டால் மதுரைப் பிரதியைத் திறக்க முடியாது.

மாதம் ஒருமுறை ஒரு மெஷினை மீட்டெடுத்துப் பார்க்கிறேன். இயக்குவதற்கு முன் அதன் நெட்வொர்க் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். இல்லையெனில் அதே ஐபி முகவரியில் இரண்டு மெஷின்கள் மோதும், நோயாளிகளுக்குப் பழைய குறுஞ்செய்திகளும் மறுபடி போகும். மெஷின் எழுந்தால் மட்டும் போதாது என்பதால், கேஷ் கவுண்டர் அக்காவை அழைத்து உட்காரவைக்கிறேன். "நேத்தைய கடைசி பில் வந்திருக்கு தம்பி" என்று அவர் சொன்ன பிறகுதான் பதிவேட்டில் கையொப்பமிடுகிறேன்.

சென்ற மாதச் சோதனையில் ஸ்கேன் படங்கள் இருக்கும் இரண்டாவது டிஸ்க் வரவே இல்லை. இடமாற்றத்தின்போது நேரம் மிச்சமாகட்டும் என்று அந்த டிஸ்கின் பேக்கப் குறியை நானே எடுத்துவிட்டு, திரும்ப வைக்காமல் இருந்திருக்கிறேன். அன்றே குறியைப் போட்டு இரவு முழுப் பேக்கப் எடுத்தேன். மறுநாள் காலை ஸ்கேன் பிரிவினர் பழைய படங்களைத் திறந்து பார்த்து உறுதிசெய்தனர்.