நாற்பத்தொரு கோப்புகள்: கை கட்டுண்ட ஓர் அறுவை மருத்துவனின் நாட்குறிப்பு

ஜூன் 3, 2024, திங்கள்

வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஆறு வாரத்துக்குக் கத்தியைத் தொடக்கூடாது. விபத்தில் சிக்கியவர்களின் வயிற்றையும் மார்பையும் பத்தொன்பது ஆண்டுகளாகத் திறந்து தைத்து வந்தவன், இன்னும் ஒரு படி இருக்கிறதென்று நினைத்து இல்லாத படியில் கால் வைத்து விழுந்தேன். இதைவிடக் கேவலமாக ஓர் எலும்பு முறிய முடியாது.

சும்மா இருக்க விடுவார்களா? துறைத் தலைவர் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார். போன ஆண்டு எங்கள் பிரிவுக்கு உயிரோடு வந்து, பிறகு இறந்துபோன 41 பேரின் கோப்புகள். எல்லாரும் கடுங்காயம் பட்டவர்கள். உடலின் பகுதிவாரியாகக் காயத்துக்கு மதிப்பெண் போட்டு, மிக மோசமான மூன்று பகுதிகளின் மதிப்பெண்களை வர்க்கமாக்கிக் கூட்டுவோம். கூட்டுத்தொகை 75 வரை போகும். 15ஐத் தாண்டினால் கடுங்காயம். ஒவ்வொரு கோப்பையும் படித்து மூன்று கட்டங்களில் ஒன்றில் குறியிட வேண்டும்: காப்பாற்றியிருக்கவே முடியாது, ஒருவேளை முடிந்திருக்கும், நிச்சயம் முடிந்திருக்கும்.

"உங்களைவிடக் கண்டிப்பான ஆள் கிடைக்கவில்லை" என்றார். மற்றவர்கள் எல்லாரும் வேலையாக இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஜூன் 4, செவ்வாய்

ஒன்பது கோப்புகள் முடிந்தன. தலைக்காயமே அதிகம். ஆறு பேர் வரும்போதே, நினைவு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் கிளாஸ்கோ மதிப்பெண் 3, அதாவது அதற்குக் கீழே எண்ணே கிடையாது. கண்மணிகள் விரிந்து, வெளிச்சத்துக்கு அசையவில்லை. இவற்றில் எழுத அதிகமில்லை. முதல் கட்டத்தில் இடது கையால் கோணலாகக் குறியிட்டேன்.

ஏழாவது கோப்பில் நின்றுவிட்டேன். கிளாஸ்கோ மதிப்பெண் 9. பிழைத்திருக்கக்கூடிய காயம். ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருந்தபோது ரத்த அழுத்தம் 78. அரை மணி நேரம் அப்படியே கிடந்திருக்கிறது. தொடையெலும்பு முறிந்து உள்ளே ரத்தம் தேங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் தலையையே பார்த்திருக்கிறார்கள். அடிபட்ட மூளைக்கு ரத்த அழுத்தம் ஒரே ஒரு முறை 90க்குக் கீழே போனாலும் சாவின் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகிவிடும் என்பது 1993 முதல் எல்லாரும் படிக்கிற பாடம். படித்திருக்கிறோம்.

இரண்டாவது கட்டம்.

ஜூன் 6, வியாழன்

இப்படிக் கோப்புகளைத் தோண்டும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். 1979இல் வெளியான ஓர் ஆய்வுக்காக வெஸ்ட், டிரங்கி, லிம் என்ற மூவர் கலிபோர்னியாவில் அக்கம்பக்கம் இல்லாத இரண்டு வட்டாரங்களை எடுத்துக்கொண்டார்கள். சான் பிரான்சிஸ்கோவில் பலத்த காயம் பட்டவர்களை எல்லாம் ஒரே மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள். ஆரஞ்சு கவுண்டியில் எது அருகில் இருக்கிறதோ அங்கே. சாலை விபத்தில் இறந்தவர்களின் பிரேதப் பரிசோதனை அறிக்கைகளை ஒப்பிட்டார்கள். ஆரஞ்சில் தலைக்காயம் தவிர்த்த மரணங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தவிர்த்திருக்கக்கூடியவை என்று தீர்மானித்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் ஒன்றே ஒன்று. இத்தனைக்கும் ஆரஞ்சில் இறந்தவர்கள் சராசரியாக வயதில் இளையவர்கள், காயமும் குறைவு.

ஆரஞ்சிலும் மருத்துவர்கள் இருந்தார்கள், ஆபரேஷன் தியேட்டர் இருந்தது. பலருக்கு அறுவையே நடக்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. திறக்க வேண்டிய வயிற்றை யாரும் திறக்காமல் விட்டிருக்கிறார்கள்.

எங்களிடம் அப்படி நடக்காது என்று இரவு படுக்கும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

கோப்பு எண் 23. மதியம் முழுவதும் இதோடுதான்.

முப்பது சொச்சம் வயது ஆண். இரவு 9.10க்கு ஸ்ட்ரெச்சரில் வருகிறார். நாடி 132, ரத்த அழுத்தம் 84. நாடியை அழுத்தத்தால் வகுத்துப் பார்த்தால் ஒன்றரைக்கு மேல். ஒன்றைத் தாண்டினாலே மணி அடிக்க வேண்டும். பெயர், உறவினர் விவரம், எக்ஸ்ரே. கையில் ஏற்றியது இரண்டு லிட்டர் உப்புநீர். 9.38க்கு ரத்தத்துக்கான படிவம் போகிறது. கையெழுத்து இல்லையென்று திரும்பி வருகிறது. 9.55க்கு மீண்டும் போகிறது. 10.05க்கு சிடி ஸ்கேன். மண்ணீரல் கிழிந்து வயிறு நிறைய ரத்தம். மயக்க மருந்து நிபுணர் வேறொரு தியேட்டரில். முதல் பை ரத்தம் 10.31க்கு. கத்தி வைத்தது 10.50க்கு. 11.40க்கு எல்லாம் முடிந்துவிட்டது.

மண்ணீரலை எடுப்பது விபத்துப் பிரிவில் பயிற்சி மருத்துவன் முதலில் கற்கும் அறுவைகளில் ஒன்று. நல்ல கைக்கு இருபது நிமிடம். அன்று அறுவை செய்தவரை எனக்குத் தெரியும், என்னைவிட நல்ல கை.

அந்த இரண்டு லிட்டர் உப்புநீரையும் விட்டுவிட முடியாது. அது ரத்தத்தை நீர்க்கச் செய்கிறது, உடலைக் குளிரவைக்கிறது, அப்போதுதான் ஒட்டிய உறைகட்டியை அழுத்தத்தால் தள்ளிவிடுகிறது. ஹூஸ்டனில் உடற்பகுதியில் குத்தும் குண்டும் பட்டு அழுத்தம் குறைந்து வந்த 598 பேரிடம் இதைச் சோதித்து 1994இல் எழுதினார்கள். உடனே திரவம் ஏற்றப்பட்டவர்களில் 62 சதவீதம் பிழைத்தார்கள். தியேட்டருக்குப் போகும்வரை ஏற்றாமல் வைத்திருந்தவர்களில் 70 சதவீதம். மோதிய காயத்துக்கு அதே கணக்கை அப்படியே பொருத்த முடியாது, தெரியும். ஆனால் ரத்தம் போகிறவருக்கு ரத்தம்தான் வேண்டும் என்பதற்கு ஆய்வு எதற்கு?

இன்னொன்று. ட்ரானெக்சாமிக் அமிலம் என்று மருந்துத் தாளில் எழுதியிருக்கிறது, கொடுத்ததற்கான கையெழுத்து இல்லை. எங்கும் கிடைக்கும் எளிய மருந்து. உறைந்த ரத்தம் கரைந்துபோகாமல் தடுக்கும். 40 நாடுகளில் 20,211 பேரிடம் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். மொத்த மரணம் 16.0 சதவீதத்திலிருந்து 14.5க்கு இறங்கியது. மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன். அதன்பின் கொடுத்தால் ரத்தப்போக்கால் சாவது கூடுகிறது. இவருக்கு நேரம் இருந்தது. மருந்தும் அலமாரியில் இருந்தது.

மூன்றாவது கட்டம். பேனாவை அழுத்தித் தாள் கிழிந்துவிட்டது.

ஜூன் 10, திங்கள்

அவசரப் பிரிவின் மூத்த சிஸ்டரிடம் 23ஐக் காட்டினேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அந்தப் படிவத்தைக் கொண்டு ஓடியது நான்தான் டாக்டர்" என்றார். "திருப்பி அனுப்பியவர் மேலும் தப்பில்லை. விதி அப்படி. ரத்த வங்கிக்கு ஒரே ஒரு தொலைபேசி, அதுவும் அன்று பேசிக்கொண்டே இருந்தது."

பிறகு ஒரு சின்ன நோட்டைக் காட்டினார். நான்கு ஆண்டுகளாக அவரே எழுதி வந்தது. வந்த நேரம், ரத்தம் வந்த நேரம், தியேட்டர் கதவு திறந்த நேரம். யாரும் கேட்கவில்லை, அவரும் காட்டவில்லை. நானும்தான் அந்தக் கதவு வழியே நாலு வருடம் போய் வந்தேன்.

ஜூன் 12, புதன்

கோப்பு 29இல் அறுவை செய்தவர் பெயர் என்னுடையது.

இந்த அறுவை எனக்கு நினைவிருக்கிறது, பெருமையாக. ஈரலில் ஆழமான கிழிவு, குடலில் மூன்று ஓட்டை, ஒரு பெரிய சிரை. நாலரை மணி நேரம் நின்று ஒவ்வொன்றையும் தைத்தேன். குடலை இணைத்த தையல் அவ்வளவு அழகு. உதவிக்கு நின்ற மாணவன் படம் எடுக்கலாமா என்று கேட்டான்.

மயக்க மருந்துத் தாளை அப்போது நான் பார்க்கவில்லை. இப்போது பார்க்கிறேன். முதல் மணி நேர முடிவில் உடல் வெப்பம் 34.6. இரண்டாவது முடிவில் 33.4. ரத்தத்தில் அமிலம் ஏறிக்கொண்டே போகிறது. மூன்றாவது மணி நேரத்தில் மயக்க மருந்து நிபுணர் எழுதியிருக்கிறார்: "தைத்த இடமெல்லாம் கசிகிறது. மருத்துவரிடம் சொல்லப்பட்டது." என்னிடம் சொல்லியிருக்கிறார். இன்னும் கொஞ்சம்தான் என்று நான் பதில் சொல்லியிருப்பேன், அப்படித்தான் சொல்வேன்.

குளிர், அமிலம், உறையாமை. மூன்றும் ஒன்றையொன்று வளர்க்கும். நான்தான் மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை எடுக்கிறேன்! 1993இல் பிலடெல்பியாவில் ரொட்டோண்டோவும் சக மருத்துவர்களும் இதற்கு ஒரு வழியை எழுதிவைத்தார்கள். ரத்தத்தை மட்டும் நிறுத்து, துணியடைத்து அழுத்து, குடல் முனைகளைக் கட்டி விடு, வயிற்றைத் தற்காலிகமாக மூடு, தீவிர சிகிச்சைப் பிரிவில் சூடேற்று, ஓரிரு நாளில் திரும்பி வந்து மீதியைச் செய். ஓட்டை விழுந்த கப்பலை மூழ்காமல் துறைமுகம் சேர்க்கும் கடற்படைச் சொல்லையே பெயராக வைத்தார்கள்: 'டேமேஜ் கன்ட்ரோல்'. பெரிய ரத்தக்குழாயோடு பல உறுப்புகளும் கிழிந்த 22 பேரில், எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சரிசெய்யப் பார்த்த ஒன்பது பேரில் பிழைத்தவர் ஒருவர். பாதியில் நிறுத்திய பதின்மூன்று பேரில் பத்துப் பேர். சின்ன எண்ணிக்கைதான். ஆனால் என் நோயாளி அந்த ஒன்பதோடு சேர்கிறார்.

எந்தக் கட்டம் என்று இன்று எழுதவில்லை.

ஜூன் 13, வியாழன்

எழுதினேன். இரண்டாவது. பிறகு அடித்து மூன்றாவது.

ஜூன் 15, சனி

துறைத் தலைவரோடு வாக்குவாதம். அவருக்கு எல்லாவற்றுக்கும் 'பொன்னான ஒரு மணி நேரம்' என்பதே விடை: விபத்து நடந்து ஒரு மணி நேரத்துக்குள் சிகிச்சை கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் வாய்ப்பு கைநழுவிவிடும். நோயாளிகள் தாமதமாக வருகிறார்கள் சார், நாம் என்ன செய்வது என்ற தொனி எங்கள் பிரிவில் எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டதே அவரிடமிருந்துதான்.

அந்தச் சொல்லைப் பரப்பியவர் பால்டிமோரின் ஆடம்ஸ் கௌலி. நல்ல சொல், வேலையைக் கிளப்பிவிடும் சொல். ஆனால் அறுபதாவது நிமிடத்தில் எதுவும் திடீரென்று மூடிக்கொள்வதில்லை. மண்ணீரல் கிழிந்தவருக்கு இருபது நிமிடமே பொன். வேறொருவருக்கு ஆறு மணி நேரம். 23ஆம் எண் நோயாளி விபத்து நடந்த 25ஆவது நிமிடம் எங்கள் வாசலில் இருந்தார் என்று சொன்னேன். மீதி நேரம் முழுவதும் எங்கள் கூரைக்குக் கீழே கழிந்தது.

2006இல் மெக்கென்சி குழுவினர் வெளியிட்ட ஆய்வையும் மேசைமேல் வைத்தேன். அமெரிக்காவில் 18 உயர்நிலை விபத்துச் சிகிச்சை மையங்கள், 51 சாதாரண மருத்துவமனைகள். காயத்தின் கடுமை, வயது, மற்ற நோய்கள் எல்லாவற்றுக்கும் ஈடுகட்டிப் பார்த்தபின், மருத்துவமனையில் இறந்தவர்கள் 7.6க்கு 9.5 சதவீதம். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 10.4க்கு 13.8. வீட்டுக்குப் போன பிறகும் இடைவெளி அகன்றிருக்கிறது. காயம் கடுமையாக ஆக, வயது குறைய, வேறுபாடு அதிகம்; முதியவர்களிடம் அவ்வளவு தெளிவில்லை.

"அவர்களிடம் பணம் இருக்கிறது" என்றார்.

"கையெழுத்தில்லாத படிவத்தைத் திருப்பாமல் இருக்கப் பணம் வேண்டாம் சார்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மாவுக்கட்டோடு மேசையைத் தட்டியது முட்டாள்தனம், இரவெல்லாம் வலி.

ஜூன் 20, வியாழன்

கூட்டம். 41இல் 24 காப்பாற்றியிருக்க முடியாதவை, 11 ஒருவேளை, 6 நிச்சயம். ஆறையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். 29ஐப் படிக்கும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நன்றி.

முடிவானவை: அவசரப் பிரிவிலேயே குளிர்பெட்டியில் நான்கு பை ஓ நெகட்டிவ். அழுத்தமும் நாடியும் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் ஒரே அழைப்பில் அறுவை மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், ரத்த வங்கி மூவரும் அசைய வேண்டும், சிஸ்டரே அழைக்கலாம். படிவம் பிறகு. சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு சம விகிதத்தில். தியேட்டரில் வெப்பம் 35க்குக் கீழே போனால் மயக்க மருந்து நிபுணர் சத்தமாகச் சொல்வார், அறுவை செய்பவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். கடைசி விதி நான் கேட்டு வாங்கியது.

எப்போது பலன் தெரியும் என்று நிர்வாகி கேட்டார். அமெரிக்க மாநிலங்களில் விபத்துச் சிகிச்சை அமைப்பு தொடங்கிய பிறகு சாலை மரணங்கள் குறைய ஆரம்பிக்கவே பத்து ஆண்டுகள் ஆனதாக 2000இல் ஒரு கணக்கு வந்தது. பதினைந்தாம் ஆண்டில் 8 சதவீதம் குறைவு. சொல்லலாமா என்று யோசித்துச் சொல்லிவிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

ஜூன் 25, செவ்வாய்

இரவு அழைப்பு. என்னால் கையுறை போட முடியாது, ஆனாலும் போனேன். சிஸ்டர் ஒரு அட்டையையும் பேனாவையும் நீட்டினார். "நேரம் எழுதுங்கள் டாக்டர்."

இளம்பெண். ஈரலும் இடுப்பெலும்பும். இடது கை எழுத்து, கோணல்மாணல்: வருகை 10.02. இடுப்புப் பட்டை 10.05. முதல் பை ரத்தம் 10.08. ட்ரானெக்சாமிக் 10.09. மயக்க மருந்து நிபுணர் 10.11. தியேட்டர் கதவு 10.24.

உள்ளே என் மாணவன்தான் கத்தியைப் பிடித்திருந்தான், படம் எடுக்கலாமா என்று கேட்டவன். ஈரலைச் சுற்றி ஐந்து துணி அடைத்தான். குடலில் ஒரு கிழிவு. கையை நீட்டித் தைக்கப் போனான். "34.9" என்றார் மயக்க மருந்து நிபுணர். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் அட்டையைப் பார்த்தேன். குடலை இரு பக்கமும் கட்டிவிட்டு மூடிவிட்டான். 11.06.

அசிங்கமான அறுவை. பாதி வேலை மிச்சம்.

ஜூன் 27, வியாழன்

இரண்டாவது முறை திறந்தார்கள். உடல் வெப்பம் 36.8, கசிவு இல்லை. குடலை இணைத்தான், அவசரமில்லாமல், நன்றாகவே. சிஸ்டர் எண்ணிக்கொண்டிருந்தார், நான் எழுதிக்கொண்டிருந்தேன். உள்ளே வைத்த துணி ஐந்து. வெளியே வந்தது ஐந்து.