ஷீட்டுக்குள் ஃபார்முலா: வைவாவுக்கு முன் தெரிந்திருக்க வேண்டியது

வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து காலை பஸ் பிடித்து, குமுளியில் மாறி, மலை இறங்கி கம்பம் பக்கம் போய்ப் படித்தவள் நான். கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு என்ன எடுப்பது என்று தேடியபோது அம்மாவின் நோட்டு கண்ணில் பட்டது. தோட்டத்தின் எந்தக் காட்டில் (பிரிவில்) எத்தனை கிலோ தேயிலைக் கொழுந்து எடுத்தோம் என்று தினமும் எழுதி வைப்பது அம்மாவின் வழக்கம். சம்பள நாளில் ஆபீஸ் கணக்கோடு ஒத்துப் பார்க்க அதுதான் ஆதாரம். அந்த நோட்டை பைத்தான் வழியாக கூகுள் ஷீட்டில் ஏற்றி, நாள் அளவைத் தாண்டி எடுத்த கூடுதல் கிலோவுக்கான காசை ஷீட்டே கணக்குப் போடும்படி செய்ய நினைத்தேன்.

தொடக்கத்திலேயே அனுமதி இல்லை என்னும் 403 பிழை வந்தால் பயப்பட வேண்டாம். நம் நிரல் கூகுளில் நுழையப் பயன்படுத்தும் சர்வீஸ் அக்கவுன்ட்டுக்கென்று தனி மெயில் முகவரி இருக்கும். ஷீட்டை அந்த முகவரிக்கு எடிட்டராக ஷேர் செய்தால் பெரும்பாலும் போதும்.

என்னைப் பல நாள் அலைக்கழித்தது வேறு. முதல் ரிவ்யூவுக்கு முந்தைய இரவு ஏற்றிய ஃபார்முலாக்கள் எல்லாம் கணக்குப் போடாமல் வெறும் எழுத்தாக நின்றன. ஃபார்முலாவில் பிழை என்று நினைத்து அதையே திருப்பித் திருப்பி எழுதினேன். பிழை அங்கே இல்லை. நிரலும் ஷீட்டும் பேசிக்கொள்ளும் வழியான ஏபிஐ மூலம் மதிப்பு அனுப்பும்போது ‘வேல்யூ இன்புட் ஆப்ஷன்’ என்று ஒன்று சொல்ல வேண்டும். ‘ரா’ என்று சொன்னால் அனுப்பியது அப்படியே உட்காரும். சமக்குறியோடு தொடங்கினாலும் அது வெறும் எழுத்துத்தான். ‘யூசர் என்டர்ட்’ என்று சொன்னால், நாமே விசைப்பலகையில் தட்டியதுபோல ஷீட் அதைப் படித்துக் கணக்குப் போடும்.

பைத்தானிலிருந்து ஷீட்டில் எழுத உதவும் ஜிஸ்பிரெட் லைப்ரரியைப் பயன்படுத்துபவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். ஒற்றைக் கட்டத்துக்கான ‘அப்டேட் ஏசெல்’ தானாகவே யூசர் என்டர்ட் முறையில் எழுதும். பல கட்டங்களுக்கான ‘அப்டேட்’ சொல்லாவிட்டால் ரா முறையில்தான் எழுதும். ஒற்றைக் கட்டத்தில் சோதித்தபோது வேலை செய்த ஃபார்முலா, வரிசையாக ஏற்றும்போது செத்துக் கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

அது புரியாமல் நான் செய்த குறுக்கு வழியைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். கணக்கை பைத்தானிலேயே போட்டு, விடையை மட்டும் ஷீட்டில் எழுதினேன். பார்க்க எல்லாம் சரியாக இருந்தது. வைவா என்னும் வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் சார் ஒரு நாளின் எடையை 32-லிருந்து 40 ஆக்கிவிட்டுத் திரையைப் பார்த்தார். காசு அசையவில்லை. “ஏம்மா, இது நோட்டுல எழுதினதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?” என்றார். என்னிடம் பதில் இல்லை. ஒரு வாரம் கெடு கொடுத்துத் திருத்தி வரச் சொன்னார்.

திருத்தும்போது இன்னொன்று தெரிந்தது. எல்லாவற்றையும் யூசர் என்டர்ட் முறையில் அனுப்பினால் 7/2 என்ற காட்டு எண் தேதியாக மாறிவிடுகிறது. 0-வில் தொடங்கும் போன் எண்ணில் முதல் 0 காணாமல் போகிறது. அதனால் நோட்டிலிருந்து வரும் பெயர், காடு, போன் எண், எடை எல்லாவற்றையும் ரா முறையில் ஒரு தடவை, ஃபார்முலா நெடுவரிசையை மட்டும் யூசர் என்டர்ட் முறையில் இன்னொரு தடவை என்று பிரித்தேன். எடையை மேற்கோளுக்குள் வைக்காமல் எண்ணாகவே அனுப்புங்கள். ரா முறையில் எழுத்தாகப் போனால் கூட்டல் அதைக் கண்டுகொள்ளாது.

கட்டம் கட்டமாக எழுதும் லூப்பும் வேண்டாம். கூகுளில் பதிந்த ஒரு ப்ராஜெக்ட்டில் ஒரு பயனருக்கு, ஷீட்டில் எழுதும் கோரிக்கை நிமிடத்துக்கு 60தான். தாண்டினால் அளவு மீறியது என்னும் 429 பிழை வந்து பாதியில் நிற்கும். ‘ரிபீட் செல்’ கோரிக்கையில் ஃபார்முலாவை ஒரே ஒரு முறை கொடுத்தால் மாதம் முழுவதற்கும் அதுவே நிரப்பிக்கொள்ளும்; சி2 என்றது அடுத்த வரியில் சி3 ஆகும். ஆனால் கிலோ ரேட் இருக்கும் எச்1 நகரக் கூடாது. அதற்கு டாலர் குறி போட்டு $எச்$1 என்று கட்டுங்கள். நான் அதை விட்டதால் இரண்டாம் நாளிலிருந்து காசு 0 என்றே வந்தது. (கோடில் இவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.) இந்தக் கோரிக்கையில் வரி எண் 0-வில் தொடங்கும், முடிவு எண் சேராது என்பதையும் கவனியுங்கள். 2-ஆம் வரியிலிருந்து 32-ஆம் வரி வரை நிரப்ப, தொடக்கம் 1, முடிவு 32.

ஷீட்டுக்குள் இருக்கும் தாளுக்கு (டேப்) தமிழில் பெயர் வைக்கலாம், தாராளமாக. ‘கொழுந்து எடை’ என்று இடைவெளி விட்டு வைத்தால், எந்தக் கட்டங்கள் என்று குறிக்கும் ரேஞ்ச் எழுதும்போது பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் போட வேண்டும்.

ஏற்றி முடித்ததும் திருப்பிப் படித்துப் பாருங்கள். ‘வேல்யூ ரெண்டர் ஆப்ஷன்’ என்பதில் ‘ஃபார்முலா’ என்று கேட்டால் கட்டத்தில் உள்ள ஃபார்முலா வரும். சொல்லாவிட்டால் கணக்கிட்ட விடை வரும். இரண்டும் ஒன்றாகவே வந்தால் ஃபார்முலா உயிரோடு இல்லை என்று அர்த்தம்.

இரண்டாம் முறை சார் எடையை மாற்றியதும் காசு மாறியது. அன்று இரவு அதே ஷீட்டை போனில் அம்மாவிடம் காட்டினேன். நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்து விரல் விட்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தவர், “பதினாலாம் தேதி எடைய கொறச்சுப் போட்டிருக்கடி” என்றார். திருத்தினேன். கடைசி வரியில் மொத்தம் ஏறியது.