தவழும் பிள்ளையும் பிளக் பாயிண்டும்

ஜூன் 6

சின்னவன் தவழ ஆரம்பித்ததும் நேரே போய் நின்ற இடம், சோபாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பிளக் பாயிண்ட். "விரல் உள்ளே போகாது, பயப்படாதே" என்கிறார் இவர். விரல் போகாதுதான். ஹேர்பின் போகும், ஆணி போகும், அலமாரிச் சாவி போகும். மூத்தவளின் ஹேர்பின்கள் வீடு முழுக்க இறைந்து கிடக்கும். இன்றைக்கு எல்லாம் டப்பாவுக்குள் போய்விட்டன.

ஜூன் 8

இவருடைய நண்பர் ஒரு பாக்கெட் பிளாஸ்டிக் மூடி கொடுத்தனுப்பியிருக்கிறார். பிளக் மாதிரியே சாக்கெட்டில் குத்தி வைப்பது. மூத்தவள் ஒன்றை நகத்தால் நெம்பி எடுத்துக் காட்டினாள். கையில் வைத்துப் பார்த்தால், தம்பியின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அளவு.

அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. 3 பின் பிளக்கில் மேலே இருக்கும் எர்த் பின் மற்ற இரண்டைவிட நீளம். ஷட்டர், அதாவது துளைகளை உள்ளிருந்து மூடும் தகடு, உள்ள சாக்கெட்டில் அது முதலில் நுழைந்து ஷட்டரைத் தள்ளினால்தான் கீழ்த்துளைகள் திறக்கும். மூடியின் பிளாஸ்டிக் பின்னும் அதே வேலையைச் செய்துவிடும். மூடி சரியாகப் பொருந்தாமல் சாய்ந்தாலோ, பின் உடைந்து உள்ளேயே நின்றாலோ, ஷட்டர் திறந்தபடி இருக்கும். பிரிட்டனில் 2016-ல் சுகாதாரத் துறையே மருத்துவமனைகளில் இந்த மூடிகள் வேண்டாம் என்று எச்சரிக்கை அனுப்பியது. பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. நண்பருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஜூன் 11

எலக்ட்ரீஷியன் வந்தார். மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்சைக் காட்டி, "எம்.சி.பி. இருக்கே, அது போதாதா?" என்று இவர் கேட்டார்.

"அது வயரைக் காப்பாத்துறது சார், ஆளை இல்லை."

உண்மைதான். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு மேல் போனால்தான் அசையும். இதயத் துடிப்பைக் குலைக்க ஒரு ஆம்பியரில் சிறு பங்கே போதும். அதற்குத்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். ஆள் வழியாகக் கொஞ்சம் தரைக்குக் கசிந்தால் கணக்கு உதைக்கும், கண்ணிமைக்கும் நேரத்தில் டிரிப் ஆகிவிடும்.

"அப்போ இது போதும்" என்றார் இவர். அதுவும் இல்லையாம். குழந்தை ஒரு கையில் ஃபேஸையும் (மின்சாரம் வரும் கம்பி) மறு கையில் நியூட்ரலையும் (அது திரும்பும் கம்பி) தொட்டு, தரைக்கு எதுவும் கசியாமல் இருந்தால், போனது அத்தனையும் திரும்பி வந்துவிடும். ஆர்.சி.சி.பி. அதை ஒரு பல்பு எரிவதாகத்தான் எடுத்துக்கொள்ளும். இரண்டு துளையிலும் இரண்டு ஆணி என்றால் நடப்பது இதுதான். ஆகவே ஷட்டர் உள்ள சாக்கெட்டும் வேண்டும், ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். அமெரிக்காவில் 2008 மின்விதித் தொகுப்பிலிருந்தே புது வீடுகளுக்கு ஷட்டர் சாக்கெட்டைக் கேட்கிறார்கள்.

டெஸ்டரை வைத்து ஒவ்வொரு பாயிண்டாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், அலமாரிக்குப் பின்னால் ஒன்றில் நின்றுவிட்டார். சுவிட்ச் ஆஃப். டெஸ்டர் எரிகிறது. யாரோ எப்போதோ சுவிட்சை நியூட்ரலில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இத்தனை நாளும் சுவிட்சை அணைத்த நிம்மதியில் அந்தப் பக்கம் பிள்ளையை விட்டிருந்தோம். மாற்றிப் போட்டுவிட்டார். ஹாலில் பழைய சாக்கெட் எல்லாவற்றுக்கும் ஷட்டர் வைத்தது வந்தாயிற்று.

போகும்போது ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தச் சொன்னார். வீடே இருண்டது, மூத்தவள் கைதட்டினாள். மாதம் ஒரு தடவை அழுத்திப் பார்க்க வேண்டுமாம்.

ஜூன் 12

தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சுவர் மேல் ஏறிவிட்டது. அயர்ன் பாக்ஸ் வயர் இனி மேஜையிலிருந்து தொங்காது.

ஜூன் 15

பிரின்டரிலிருந்து கழற்றிய வயர், சுவரில் செருகியபடியே தரையில் கிடந்தது. சுவிட்சும் ஆன். மொபைல் சார்ஜரின் முனையில் வருவது 5 வோல்ட். இதன் முனையில் வருவது வீட்டு மின்சாரம் அப்படியே. எச்சில் பட்ட வாய்க்குள் போனால் உதட்டோரம் வெந்துவிடும். அன்றைக்கு ரத்தம் வராமல் இருக்கலாம். ஆனால் ஒன்றிரண்டு வாரத்தில் பொருக்கு உதிரும்போது உதட்டு ரத்தக்குழாய் திறந்துகொண்டு கொட்டும் ஆபத்து உண்டு. வயரைக் கழற்றுவதானால் முதலில் சுவர்ப் பக்கம். இது எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது, இவருக்கு இரண்டு தடவை.

ஜூன் 19

ரிமோட்டின் பட்டன் பேட்டரி. ஷாக் அடிக்காது, ஆனால் எனக்கு இப்போது சாக்கெட்டைவிட இதுதான் பயம். உணவுக்குழாயில் சிக்கினால் ஈரம் பட்டு மின்சாரம் ஓடும், அங்கேயே சதையை அரிக்கும் ஆல்கலி உண்டாகும், இரண்டு மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும். 20 மில்லிமீட்டர் லித்தியம் வகைதான் மோசம். தீர்ந்துபோனது என்று தூக்கிப் போடுவதிலும் அதற்கான தெம்பு மிச்சமிருக்கும். விழுங்கியிருப்பான் என்று சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மூடிக்கு ஸ்க்ரூ இல்லாத ரிமோட்டைத் தூக்கி மேலே வைத்தாயிற்று.

ஜூன் 21

அத்தைக்கு மெயின் சுவிட்சைக் காட்டினேன். பிள்ளைக்கு ஷாக் அடித்தால் தொடக் கூடாது, முதலில் மெயினை அணைக்க வேண்டும் என்றேன்.

"கை தானா தூக்கத்தானேம்மா போகும்?" என்றார்.

போகும்தான். அதனால் இருவரும் சமையலறையிலிருந்து மெயின் வரை நடந்து, அணைத்துப் பார்த்தோம். வழியில் நின்ற ஷூ ரேக்கை அங்கிருந்து நகர்த்திவிட்டோம்.

படுக்கையறை சாக்கெட் மட்டும் பாக்கி. வியாழக்கிழமை வருகிறாராம். அதுவரை அந்த அறையின் எம்.சி.பி.யை இறக்கி வைத்திருக்கிறேன். ஃபேனும் அதே லைனில்தான் இருக்கிறது என்று இவர் தலையணையோடு ஹாலுக்கு வந்துவிட்டார்.